மண் கலக்கத் தெரிந்தவரை நர்சரி தேடும்

நர்சரியில் வேலை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஒட்டுக் கட்டும் வேலை வேண்டும், அல்லது தோட்ட வடிவமைப்பு, அல்லது விற்பனைப் பிரிவு. கலவைக் கொட்டகையில் வேலை வேண்டும் என்று கேட்டு வருபவர் அரிது. அங்கே அன்றைக்கு யார் கையில் மண்வெட்டி இருக்கிறதோ அவர்தான் கலக்குகிறார். இன்றைக்கு எருவில் நாலு கூடை, நாளைக்கு ஆறு கூடை. சில மாதம் கழித்துச் செடிகள் வரிசையாக மஞ்சளாகும்போது மருந்துக் கடைக்கு ஆள் ஓடுகிறது. மருந்து அடித்தும் தேறவில்லை என்றால் நாற்று சரியில்லை என்று முடிவாகிறது. கொட்டகைப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தக் கொட்டகையையே தன் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டக்கலைப் பட்டயம் முடித்தவர்கள், நர்சரியில் ஏற்கெனவே கூலிக்கு இருப்பவர்கள், பொள்ளாச்சி பக்கம் தென்னை நார்க்கழிவு ஆலையில் சேரப்போகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். பாடம் படிக்க ஒரே ஒரு செடி போதும். அது கிளெமாட்டிஸ்.

இங்கிலாந்துத் தோட்டங்களில் சுவரிலும் வேலியிலும் ஏறி, உள்ளங்கை அகலத்துக்கு ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் கொடி அது. உலகில் ஏறக்குறைய 300 இனங்கள் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிளெமாட்டிஸ் கௌரியானா, கிளெமாட்டிஸ் வைட்டியானா போன்ற காட்டுக்கொடிகள் சிறு வெள்ளைப் பூக்களோடு படர்கின்றன. தோட்டத்துக்கான பெரும்பூ ரகங்களின் பெருக்கம் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில், வோக்கிங் என்ற ஊரில் ஜாக்மன் குடும்பத்தின் நர்சரியில் 1858-ல் செய்த கலப்போடு வேகம் பிடித்தது. இன்று கெர்ன்சித் தீவில் ரேமண்ட் எவிசன் நிறுவிய நர்சரி இந்தக் கொடியையே முதன்மைத் தொழிலாக நடத்தி, இளஞ்செடிகளைப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இதை வளர்க்கலாம். சென்னையிலோ மதுரையிலோ வேண்டாம். குளிர்கால ஓய்வு இல்லாமல் பெரும்பூ ரகங்கள் நிலைக்காது. சமவெளியில் இதை விற்கச் சொல்லும் முதலாளியிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஏன் இந்தச் செடி? மண்ணிடம் இது கேட்பவை ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றும். வேர் எப்போதும் ஈரத்தில் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. நிறைய உரம் வேண்டும், ஆனால் உப்பு ஏறக் கூடாது. தலை வெயிலில், வேர் குளிர்ச்சியில். ஒரு முறை நட்டால் ஆண்டுக்கணக்கில் அதே மண்ணில் இருக்கும் செடி என்பதால், தவறான கலவையை அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் குறைவு. இதற்கு மண் தயாரிக்கத் தெரிந்தவர் மல்லிகைக்கும் முல்லைக்கும் ரோஜாவுக்கும் தயாரித்துவிடுவார்.

செடி கேட்பது என்ன

பெரும்பூ ரகங்களின் வேர் தடித்தது, சதைப்பற்றுள்ளது, ஆழமாக இறங்கும். அதனால் நிலத்தில் நடும் குழி 45 செ.மீ. ஆழமும் அதே அகலமும் இருக்க வேண்டும். மக்கிய எருவைக் குழியின் அடியில் மட்டும் கொட்டாமல், எடுத்த மண்ணோடு முழுக்கக் கலக்க வேண்டும். செடி தொட்டியில் இருந்த மட்டத்தைவிட 5 முதல் 8 செ.மீ. கூடுதல் ஆழத்தில் நட வேண்டும். காரணம், இந்த ரகங்களை ஒரு பூசண நோய் தாக்கினால் நன்றாக இருந்த கொடி சில நாளில் தரைமட்டம் வரை கருகிச் சாயும். மண்ணுக்குள் தண்டின் இரண்டு கணுக்கள் புதைந்திருந்தால் அங்கிருந்து புதுத் தளிர் எழும். ஆழ நடுவதுதான் அந்தச் செடிக்கு நாம் செய்யும் காப்பீடு.

ஆனால் எல்லாக் கிளெமாட்டிஸுக்கும் இந்த விதி கிடையாது. ஆல்பினா போன்ற மலைவகைகளின் வேர் மயிர்போல நுண்ணியது. அவற்றுக்கு வடிகால் கூடுதலாக வேண்டும். பசுமை மாறா வகைகளையும், கொடியாக ஏறாமல் புதராக வளரும் வகைகளையும் பழைய மட்டத்திலேயே நட வேண்டும். புதிய செடி கைக்கு வந்ததும் ஒன்றைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து வேரைப் பாருங்கள். தடித்த வேரா, நார்வேரா என்பதைப் பார்த்த பிறகுதான் கலவையைப் பற்றிப் பேசலாம். என் அனுபவத்தில் வேரைப் பார்க்காமல் கலவை சொல்பவரே அதிகம்.

கார அமில நிலையைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை இன்னும் உலவுகிறது. கிளெமாட்டிஸ் என்றால் சுண்ணாம்பு நிலம் கட்டாயம் என்பார்கள். இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் அதன் காட்டு இனம் ஒன்று தழைத்திருப்பதைப் பார்த்து வந்த எண்ணம் இது. நடைமுறையில் பி.எச். 6.5-லிருந்து 7.5 வரை இருந்தால் நன்றாக வளரும், லேசான அமிலத்தையும் தாங்கும். எனவே 6.3 இருக்கும் மண்ணில் பதறிப்போய்ச் சுண்ணாம்பு கொட்ட வேண்டியதில்லை. நீலகிரியின் கதை வேறு. அங்கே கனமழை சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விடுவதால் மண் நல்ல அமிலமாக இருக்கும். தேயிலை அங்கே செழிப்பதே அதனால்தான். ஊட்டியில் வேலைக்குச் சேர்பவர் டோலமைட் என்ற சுண்ணாம்புத் தூளோடு பழகியாக வேண்டும். அது மெல்ல வேலை செய்யும், ஆகவே நடுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கலந்து, ஈரமாக வைத்து, மறுபடி அளந்து பார்க்க வேண்டும். சுண்ணாம்பையும் பச்சைச் சாணத்தையும் அமோனியம் உரத்தையும் ஒரே நேரத்தில் கலக்கக் கூடாது. தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

சுவரோரம் நடுவதாக இருந்தால் சுவரிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி நட வேண்டும். சுவரடி மண்ணில் மழை விழுவதில்லை, செங்கல்லும் ஈரத்தை உறிஞ்சும். வேர்ப்பகுதியை மூடாக்கு போட்டோ குட்டைச் செடிகளை நட்டோ குளிர்ச்சியாக வைக்க வேண்டும். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது.

இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறது. கிளெமாட்டிஸ் வாடினால் எல்லோரும் பூசண நோயைக் குற்றம் சொல்கிறார்கள், ஆனால் அவற்றில் பல நோயே அல்ல, வேர் இருக்கும் இடம் சரியில்லாததன் விளைவு. மண் வேலையில் இருக்கும் ஒருவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய செய்தி இது.

இரண்டே கலவை என்ற புரட்சி

1930-கள் வரை இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் ஒவ்வொரு செடிக்கும் ஒரு மண் செய்முறை வைத்திருந்தார்கள். மூத்த தோட்டக்காரர் அதை ரகசியமாகப் பாதுகாப்பார். லண்டனுக்குத் தெற்கே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தில் மரபியல் ஆராய்ச்சிக்காக வளர்த்த பிரிமுலா நாற்றுகள் தொடர்ந்து செத்தன. செடி செத்தால் ஆராய்ச்சியும் செத்தது. வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் என்ற இருவர் காரணத்தைத் தேடிப் பல சோதனைகள் செய்து, கடைசியில் விதைக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று என இரண்டே அடிப்படைக் கலவைகளில் வந்து நின்றார்கள். தொட்டிக் கலவை அளவில் 7 பங்கு புல்வெளி வண்டல் மண், 3 பங்கு பீட் என்ற சதுப்பு நில மக்கு, 2 பங்கு பருமணல். மண்ணை நீராவியில் சூடாக்கிக் கிருமி நீக்கினார்கள். உரம் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்பதை எடை போட்டுச் சொன்னார்கள். செய்முறையை நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம்.

தொட்டிக் கிளெமாட்டிஸுக்கு இன்றும் சொல்லப்படுவது 'ஜான் இன்னஸ் எண் 3'. எண் 1, 2, 3 மூன்றிலும் மண், பீட், மணல் விகிதம் ஒன்றேதான். உரமும் சுண்ணாம்பும் மட்டும் எண் 1-ஐப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஒரே செடியைத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பதால் எண் 3. மண் கலந்த கலவைக்கு எடை உண்டு. கொடியைத் தாங்கும் தொட்டி காற்றில் சாயாது, உரத்தையும் அது பிடித்து வைக்கும்.

இந்தக் கதையில் ஒரு வேலைக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது 7:3:2 என்ற எண்ணை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மூர் நர்சரிகளில் செம்மண், மணல், தொழு உரம் 2:1:1 என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தச் செம்மண், எந்த மணல், எத்தனை மாதம் மக்கிய எரு என்று கேட்டால் பதில் வராது. லாரன்ஸும் நியூவெல்லும் செய்தது அந்தக் கேள்விகளுக்கு அளவில் பதில் எழுதியது. உங்கள் கொட்டகையில் அதை நீங்கள் செய்யலாம்.

மணலை எடுத்துக்கொள்ளுங்கள். களி கலந்த செம்மண்ணில் கொஞ்சம் மெல்லிய மணல் சேர்த்தால் மண் இளகும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. மணலின் இடுக்கில் களி புகுந்து கெட்டிப்படும். மணல் பருமனாகவும் போதுமான அளவிலும் இருந்தால்தான் பயன். எம்-சாண்ட் வந்தால் அதில் இருக்கும் மாவுத்தூளைச் சலித்துக் கழுவாமல் கலக்காதீர்கள், அது துளைகளை அடைத்துவிடும். எருவுக்கு மூக்கு போதும். அமோனியா நெடி அடித்தால், கையில் சூடு தெரிந்தால், இன்னும் மக்கவில்லை. மக்காத எருவோடு களை விதையும் வேர்ப்புழுவும் தொட்டிக்குள் வரும்.

மூன்று அளவுகள்

நான் வேலைக்கு ஆள் எடுப்பதாக இருந்தால் மூன்றே விஷயங்களைச் செய்து காட்டச் சொல்வேன். காற்று, உப்பு, அமிலம். இதில் காற்றை அளக்கத் தெரிந்தவர் மிகக் குறைவு, செலவும் அதற்குத்தான் மிகக் குறைவு.

செய்யும் முறை இது. ஒரு தொட்டியின் துளைகளை உள்ளிருந்து ஒட்டுநாடாவால் அடையுங்கள். விளிம்புக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதுவரை தண்ணீர் ஊற்றி எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கிறது என்று குறியுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு, லேசான ஈரமுள்ள கலவையை அதே கோடு வரை நிரப்பி, தரையில் இரண்டு தட்டுத் தட்டிச் சமன் செய்யுங்கள். இப்போது ஓரமாக, மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மேற்பரப்பில் நீர் பளபளக்கும் வரை ஊற்றிச் சிறிது நேரம் விட்டால் உள்ளே இருக்கும் காற்று பெரும்பாலும் வெளியேறும். நீர் உள்ளிறங்கினால் மறுபடி ஊற்றுங்கள். பிறகு ஒரு தட்டின் மேல் தூக்கிப் பிடித்துத் துளைகளைத் திறந்து, சொட்டு நிற்கும் வரை வடியவிட்டு, வடிந்த நீரை அளங்கள். வடிந்த நீர் இருந்த இடத்தில் இனி காற்று இருக்கும். தொட்டி 4,000 மில்லி பிடித்து, வடிந்தது 600 மில்லி என்றால் காற்றுப் பங்கு 15 சதவீதம். 10-க்குக் கீழே போனால் மழைக்காலத்தில் அந்தத் தொட்டியில் வேர் அழுகலை எதிர்பார்க்கலாம். கிளெமாட்டிஸ் போல நீண்ட நாள் தொட்டியில் இருக்கும் கொடிக்கு 15-ஐ ஒட்டியோ சற்று மேலேயோ இருப்பது நல்லது, ஏனென்றால் எரு மக்க மக்கக் கலவை அமுங்கும், இன்றைய 15 அடுத்த ஆண்டு இருக்காது.

இதே சோதனையை ஒரே கலவையோடு உயரமான தொட்டியிலும் குட்டையான தொட்டியிலும் செய்து பாருங்கள். குட்டைத் தொட்டியில் காற்று குறையும். எந்தத் தொட்டியிலும் வடிந்து முடிந்த பிறகு அடியில் ஒரு நீர்ப்படலம் தங்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது கலவை, தொட்டியின் உயரம் அல்ல. ஆகவே தொட்டி குட்டையானால் அதில் பெரும்பகுதி சேறுதான். அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்று கிட்டத்தட்ட எல்லா நர்சரியிலும் செய்கிறார்கள். ஜல்லி அந்த நீர்ப்படலத்தை வேருக்கு இன்னும் அருகே மேலே தூக்கிவிடுகிறது. கிளெமாட்டிஸுக்கு 45 செ.மீ. ஆழத் தொட்டி கேட்பதற்கு ஆழவேர் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். முதலாளியிடம் வாதம் செய்ய வேண்டாம். ஒரு தொட்டியில் ஜல்லியோடும், ஒன்றில் இல்லாமலும் வடியவிட்டுக் காட்டுங்கள்.

உப்பை அளப்பது மின்கடத்துத் திறன் காட்டும் ஈ.சி. மீட்டர். அமிலத்தை அளப்பது பி.எச். மீட்டர். இரண்டும் பேனா வடிவில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் அளவு திருத்தும் கரைசல் இல்லாமல் வாங்கினால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. கலவையோடு எத்தனை பங்கு தண்ணீர் சேர்த்து அளந்தீர்கள் என்பதையும் எண்ணோடு எழுதி வையுங்கள். ஒன்றுக்கு ஒன்றரை பங்கு நீரில் வரும் எண்ணும், ஒன்றுக்கு ஐந்து பங்கு நீரில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்காது. இதைக் கவனிக்காததால் வாங்குபவரும் விற்பவரும் தகராறு செய்துகொள்கிறார்கள். பாசன நீரையும் அதே மீட்டரில் பாருங்கள். நம் கிணற்று நீர் பலவற்றில் உப்பும் பைகார்பனேட்டும் அதிகம். தொடர்ந்து ஊற்றினால் தொட்டி மண்ணின் பி.எச். ஏறி, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். மல்லிகை இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறுவது பெரும்பாலும் இதனால்தான். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட் கரைத்துத் தெளிக்கும் பரிந்துரை இலையைத் தேற்றும், தண்ணீரைத் திருத்தாது.

பொள்ளாச்சியிலிருந்து போகும் மண்

இந்தத் தொழிலின் பெரிய கதவு தமிழ்நாட்டில்தான் திறந்திருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளாகச் சதுப்பு நிலங்களில் சேர்ந்த பீட்டைத் தோண்டித்தான் ஐரோப்பிய நர்சரிகள் தொட்டிக் கலவை செய்தன. தோண்டினால் அது அடைத்து வைத்திருக்கும் கரி காற்றில் கலக்கிறது, அந்த நிலம் மீள வெகுகாலம் ஆகிறது. 2022-ல் பிரிட்டன் அரசு, இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பீட் விற்பதைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. சட்டம் சொன்ன நேரத்தில் வரவில்லை என்றாலும் பெரிய நர்சரிகள் மாற்றுக்குப் போகத் தொடங்கிவிட்டன. அந்த மாற்றுகளில் மரப்பட்டை, மரநார், இலைமக்கு ஆகியவற்றோடு முன்னணியில் நிற்பது தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறுகிறது. இங்கிலாந்தில் பீட் இல்லாத கலவையில் வாங்கப்படும் கிளெமாட்டிஸ் தொட்டியில் நம் தென்னையின் பங்கு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

நார்க்கழிவு தண்ணீரையும் காற்றையும் ஒருசேர வைத்திருக்கும். அதன் குறை உப்பு. கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். கடற்கரைத் தோப்புக் காயிலும், உப்பு நீரில் ஊறவைத்த மட்டையிலும் இன்னும் அதிகம். நல்ல தண்ணீரில் கழுவினால் தளர்வாக இருக்கும் உப்பு மட்டும் போகும். நாரின் மேற்பரப்பில் ஒட்டிப் பிடித்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் நகராது. அப்படியே தொட்டியில் போட்டால், நாம் கொடுக்கும் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் நார் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை வேரிடம் விடும். அதனால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, அந்த உப்புகளை வெளியே தள்ளி, மறுபடி கழுவுகிறார்கள். ஆலைகளில் இதை 'பஃபரிங்' என்பார்கள். ஏற்றுமதியில் ஈ.சி. 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே என்ற தரமே பெரிதும் கேட்கப்படுகிறது. 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை விரியும். வாங்குபவர் பார்ப்பது கட்டியின் எடையை அல்ல, இந்த லிட்டரைத்தான்.

இந்த ஆலைகளில் இயந்திரம் ஓட்ட ஆள் கிடைக்கிறார்கள். ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து, அளந்து, பதிவு எழுதி, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு கேள்வி அனுப்பினால் அந்த லோடின் எண்ணைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடியவர் கிடைப்பது கடினம். வேதியியல் பட்டதாரிகள் இந்த இடத்தைப் பிடிக்கலாம். அவர்களைவிட, செடி வளர்த்துப் பார்த்த தோட்டக்கலைப் பட்டயக்காரர் நன்றாகப் பிடிப்பார் என்பது என் நம்பிக்கை. எண்ணைக் கண்டதும் செடியின் முகம் அவருக்குத் தெரியும்.

உள்ளூர் நர்சரிக்கு மக்கவைத்த நார்க்கழிவும் போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறை எளிது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக் காளான் வித்து 5 புட்டி. 100 கிலோ பரப்பி ஒரு புட்டி வித்து, அதன் மேல் இன்னொரு 100 கிலோ பரப்பி ஒரு கிலோ யூரியா என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் நிழலில் வைத்தால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கறுத்து மக்கிவிடும். கரியும் தழைச்சத்தும் 112-க்கு 1 என்று இருந்த விகிதம் 24-க்கு 1 என்று இறங்கும். இந்த இறக்கம் ஏன் முக்கியம் என்றால், மக்காத நாரோ மரத்தூளோ கலவையில் இருந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போட்ட தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும்.

சேர்ந்த முதல் மாதங்கள்

புதிதாகச் சேர்பவர் முதல் வாரத்திலேயே கலவையை மாற்றச் சொல்லக் கூடாது. மேஸ்திரிக்கு அந்த மண்ணோடு இருபது ஆண்டுப் பழக்கம் இருக்கலாம். முதலில் அவர் கலக்குவதை அப்படியே அளங்கள். எத்தனை சட்டி, எவ்வளவு ஈரம், யார் கலந்தது, எந்தத் தேதி, காற்றுப் பங்கு, ஈ.சி., பி.எச். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு கலப்புக்கும் ஓர் எண் கொடுத்து, அதில் ஒரு கிலோவைப் பையில் கட்டித் தனியே வையுங்கள். அந்த எண்ணை வரிசையின் முதல் தொட்டியில் எழுதிச் செருகுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு வரிசை மட்டும் வாடும்போது இந்தப் பை பேசும்.

பேச்சில் மரியாதை குறையக் கூடாது. "நீங்க கலந்தது தப்பு" என்பதற்குப் பதிலாக, "அண்ணே, இந்த லோடு நார்க்கழிவுல உப்பு கூடுதலா காட்டுது. இன்னொரு தடவ கழுவிட்டுக் கலக்கட்டுமா?" என்று கேளுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும், எண் உங்களுடையதாக இருக்கட்டும். அவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது நிறைய இருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்தில் தங்கச்சிமடம் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் மல்லிகைப் பதியன் போட்டுப் பல மாவட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். வேர்விடும் தண்டுக்குச் சத்தைவிடக் காற்று முக்கியம் என்பதை அந்த விவசாயிகள் மீட்டர் இல்லாமலே கண்டுகொண்டவர்கள். அப்படிப்பட்டவர் பக்கத்தில் இருந்தால் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாளியிடம் பேசும்போது மண்ணைப் பற்றிப் பேசாமல் இழப்பைப் பற்றிப் பேசுங்கள். ஆயிரம் தொட்டியில் நூறு போனால் அந்த நூறு செடிக்கு ஊற்றிய தண்ணீரும், ஆள் கூலியும், நிழல்வலையில் அவை பிடித்திருந்த இடமும் சேர்ந்து போகின்றன. பழைய கலவையில் எத்தனை போனது, திருத்திய கலவையில் எத்தனை போனது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சம்பள உயர்வு கேட்க அதைவிட நல்ல காகிதம் இல்லை. முழு நர்சரியையும் ஒரே நாளில் மாற்றாமல் ஐம்பது தொட்டியில் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள், கிடைக்கும்.

பாதுகாப்பைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை, ஆகவே நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டிக் கலவையின் தூசியில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற கிருமி இருக்கலாம். மூச்சோடு போனால் கடுமையான நிமோனியா வரலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கலவைப் பைகளில் இதற்கான எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள். உலர்ந்த கலவையைக் கிளறும் முன் நீர் தெளியுங்கள், முகக்கவசம் அணியுங்கள், பையை முகத்துக்கு நேரே திறக்காதீர்கள், சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கலவையில் சேர்க்கும் பெர்லைட் துகளைக் கொட்டும்போதும் இதே கவனம் வேண்டும். தசைவிறைப்பு ஜன்னி தடுப்பூசியைக் காலந்தோறும் போட்டுக்கொள்ளுங்கள். கிளெமாட்டிஸ் வெட்டும்போது கையுறை கட்டாயம், அதன் சாறு தோலை எரிக்கும். கையுறையும் முகக்கவசமும் தர மறுக்கும் இடத்தில் நீடிக்க வேண்டாம்.

படிப்புக்கு வழிகள் உண்டு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் பட்டயம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பட்டப்படிப்பு, அதற்கு மேல் மண்ணியலில் முதுகலை என்று போகலாம். நார்க்கழிவுத் துறைக்குப் போகிறவர்கள் கயிறு வாரியத்தின் பயிற்சிகளை விசாரியுங்கள். அதன் மத்திய ஆராய்ச்சி நிலையம் ஆலப்புழை அருகே கலவூரில் இருக்கிறது. பட்டம் இல்லாதவர்களும் தயங்க வேண்டாம். இந்த வேலையில் மீட்டரும் நோட்டும் பல இடங்களில் சான்றிதழுக்குச் சமமாக நிற்கும். வெளிநாட்டு நர்சரி, வளைகுடாத் தோட்டப் பராமரிப்பு என்று ஆள் எடுக்கும் முகவர்கள் வந்தால், அரசு உரிமம் பெற்றவர்தானா என்று சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நேர்காணலுக்குப் போகும் முன், அந்த நர்சரியில் ஒரு தொட்டிச் செடியை விலை கொடுத்து வாங்குங்கள். வீட்டில் கவிழ்த்து வேரைப் பாருங்கள், அந்த மண்ணின் காற்றையும் உப்பையும் அமிலத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். சுயவிவரத்தோடு அந்தத் தாளையும் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.